ருசி பாராமல் சமைத்த இறைச்சி

மகன்,

சுகமாக இருக்கிறாயா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. சுகமில்லாவிட்டாலும் நீ சொல்லப்போவதில்லை, நானும் அப்படித்தான், ஆகவே அதை இரண்டு பேருமாக விட்டுவிடுவோம். உன் குரல் பதிவு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. நான் பல்லரோச் சந்தையில் கத்தரிக்காய்க்காரனோடு வாய் கொடுத்துக்கொண்டு நின்றேன். அவன் சொத்தையை அடியில் வைத்து நல்லதை மேலே அடுக்குகிறவன், உனக்குத் தெரியும். போனைக் காதில் வைத்தேன். "அப்பா, அடுத்த மாசம் எனக்குக் கலியாணம். பெரிசா ஒண்டும் இல்லை, ஒரு நாப்பது பேர் வருவினம். சின்யோரா வீட்டு இறைச்சிப் பணிஸ்தான் குடுக்கப்போறன். நீங்கள் அதை எப்பிடிச் செய்தனீங்கள் எண்டு ஒருக்காச் சொல்லுங்கோவன். இஞ்சை எல்லா ஊரிலையும் சாப்பிட்டுப் பாத்திட்டன், ஒருத்தருக்கும் செய்யத் தெரியேல்லை." இவ்வளவுதான் சொன்னாய். கத்தரிக்காயை அவனிடமே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து இன்னும் மூன்று தரம் கேட்டேன்.

ஐந்து வருசத்தில் நீ என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. மருந்து குடித்தீர்களா, மழை பெய்கிறதா என்பவற்றை நான் கணக்கில் எடுப்பதில்லை. போனில் மறுமொழி சொல்லப் பார்த்தேன், இரண்டு தரம் பதிந்து இரண்டையும் அழித்தேன். அதனால் எழுதுகிறேன். நீ கட்டப்போகிற குவாத்தமாலாப் பிள்ளைக்கும் இதை வாசித்து விளங்கப்படுத்து. அவளுக்காகத்தான் உனக்குத் தெரிந்த கதையையும் முதலிலிருந்து எழுதுகிறேன். தன் மாமன் எப்படிப்பட்ட ஆள் என்பதை அவள் கட்டுவதற்கு முன்பே அறிந்துகொள்ளட்டும்.

வன்னியிலிருந்து உன்னையும் அம்மாவையும் நான் இத்தாலிக்கு, இந்தப் பாலெர்மோவுக்குக் கூப்பிட்டபோது உனக்கு ஆறு வயது. பல்லரோச் சந்தைக்குப் பக்கத்தில் அல்பெர்கேரியாவில் ஒரு அறை, ஒரு குசினி, நாலு மாடிப் படி. அடுத்த வருசம் எனக்கு, சின்யோரா என்று நாங்கள் கூப்பிட்ட கிழவியின் வீட்டில் வேலை கிடைத்தது. வீட்டுக்காரி அமெரிக்காவில் அயோவாப் பக்கம் பிறந்தவள். இந்த ஊர் மனிதன் ஒருவனைக் கட்டி வந்து ஐம்பது வருசம் இங்கேயே இருந்து, அவனையும் அடக்கம் செய்துவிட்டுத் தனியாக இருந்தாள். கூட்டுவது, துடைப்பது, சமைப்பது, மருந்து எடுத்துக் கொடுப்பது எல்லாம் நான். எங்கள் இத்தாலியப் பாஷை இரண்டும் நொண்டிதான். அவளுடையது பணக்கார நொண்டி, என்னுடையது ஏழை நொண்டி, ஆனபடியால் நன்றாக ஒத்துப்போனது.

ஒருநாள் சந்தையில் மண்ணீரல் பாண் விற்கிறவனைத் தாண்டி வந்தோம். பாலெர்மோக்காரர் அந்தப் பாணுக்கு உயிரை விடுவார்கள், அவளுடைய புருசனும் விட்டவன். அவள் மூக்கைச் சுளித்துக்கொண்டு, தன் ஊரிலும் ஒரு இறைச்சிப் பாண் இருக்கிறது, அதைத் தின்று ஐம்பது வருசம் என்றாள். அரைத்த மாட்டிறைச்சியை வெங்காயத்தோடு தண்ணீரில் மெல்ல அவித்து, முள்ளுக்கரண்டியால் உதிர்த்துக்கொண்டே வற்றவிட வேண்டும். பொரிக்கக் கூடாது, குழம்பு இருக்கக் கூடாது, உருண்டை பிடிக்கக் கூடாது. ஆவியில் மென்மையாக்கிய வட்டப் பணிஸ் ரொட்டிக்குள் அதை அள்ளி வைத்து, கடுகுக் கூழ் பூசி, ஊறுகாய் வெள்ளரிக்காய் இரண்டு துண்டு போட்டு, வெள்ளைக் கடதாசியில் சுற்றிக் கரண்டியோடு கொடுப்பார்களாம். கடிக்கும்போது இறைச்சி உதிரும், உதிர்ந்ததைப் பொறுக்கித் தின்னத்தான் கரண்டி. இதைச் சொல்லும்போது அவள் நினைவிலேயே குளிர் நாட்டுச் சாலையோரக் கடை ஒன்றின் வட்ட ஸ்டூலில் போய் உட்கார்ந்துவிட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "நீ செய்து தருவாயா?" என்று கேட்டாள்.

நாங்கள் மாடு தின்னாத ஆட்கள். ஆடு, கோழி, மீன் எதையும் விட்டுவைக்கமாட்டோம், ஆனால் மாடு என்றால் அம்மாவுக்கு அந்தப் பெயரே குசினிக்குள் வரக்கூடாது. வெள்ளிக்கிழமை விரதக்காரி அவள். நான் அவளுக்குச் சொல்லவில்லை. சின்யோரா வீட்டில் எனக்கென்று வேறு சேட்டு ஒன்று வைத்து, வியாழக்கிழமைகளில் அதைப் போட்டுச் சமைத்துவிட்டு, கைகால் முகம் கழுவி மாற்றிக்கொண்டு வருவேன். இறைச்சிக்கடைக்காரன் அரைக்கும்போது நான் சுவரில் ஒட்டியிருந்த புனிதர் படத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவன் என்னை மிகப் பக்தியான ஆள் என்று நினைத்திருந்தான்.

முதல்நாள் தண்ணீர் கொதித்து அந்த வாடை எழும்பியதும் நான் யன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டினேன். அன்று என் பையில் அம்மா வறுத்து இடித்த தூள் ஒரு சிறு போத்தலில் இருந்தது. மத்தியானச் சோற்றுக்குத் தூவிக்கொள்ள நான் கொண்டு போவது. வாடை அடங்கட்டும் என்று அதில் ஒரு கரண்டியைச் சட்டிக்குள் கொட்டினேன். நிறம் காட்டிக்கொடுக்காத அளவு. பிறகுதான் பயம் வந்தது. ருசி பார்த்துச் சரிசெய்யலாம் என்றால் நாக்கில் வைக்க முடியாது. உப்பும் குத்துமதிப்புத்தான். கடவுளே என்று தட்டைக் கொண்டுபோய் வைத்தேன். சின்யோரா மேசையிலிருந்த உப்புப் போத்தலை எடுத்து இரண்டு தரம் தட்டிவிட்டு ஒரு வாய் வைத்தாள். கண்ணை மூடினாள். நான் வேலை போச்சு என்று நின்றேன். அவள் கண் திறக்காமலே, "எக்கோ, இதுதான். என் அம்மாவின் குசினி" என்றாள். கன்னத்தில் தண்ணீர் ஓடியது.

அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டும். சின்யோரா, இதில் கொத்தமல்லியும் பெருஞ்சீரகமும் கருவேப்பிலையும் செத்தல் மிளகாயும் கிடக்கிறது, உங்கள் அம்மாவுக்கு இதன் வாசம்கூடத் தெரியாது என்று. அழுகிற கிழவியிடம் எப்படிச் சொல்வது? ஐம்பது வருசத்தில் அவளுக்கு அந்த ருசி மறந்துவிட்டது என்பதை நானா சொல்வது? அடுத்த வியாழன் சொல்லலாம் என்று விட்டேன். அடுத்த வியாழன் அவள் தன் சிநேகிதிகளைக் கூப்பிட்டு, "இவன் அயோவாக்காரனைவிட நன்றாகச் செய்வான்" என்று என்னை நிறுத்திக் காட்டினாள். அதற்குப் பிறகு சொல்ல வழியே இல்லை. பொய்யை நான் பெரிதாகச் சொல்லவே இல்லை, மகன். ஒரு கிழமை வாயை மூடிக்கொண்டு இருந்தேன், மிச்சமெல்லாம் தானாக நடந்தது. நீயும் உன் பெண்சாதிக்கு எதையாவது மறைத்திருந்தால் இந்தக் கிழமையே சொல்லித் தொலை.

உனக்கு எட்டு வயதானபோது பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கே வரத் தொடங்கினாய். அம்மாவும் வேறு வீட்டில் வேலை, உன்னை விட்டுவைக்க ஆள் இல்லை. சின்யோராவின் மேசையில் வீட்டுப்பாடம் எழுதுவாய். அவள் உனக்குத் தன் ஊரைச் சொல்வாள்: முடிவில்லாத சோளத் தோட்டம், பனியில் புதைந்த கார், ஒற்றைத் தெரு, அந்தத் தெருவில் இறைச்சிப் பணிஸ் கடை. நான் குசினியில் நின்று கேட்பேன். எங்களுடைய ஊரை நான் உனக்கு ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. சொல்வதற்கு எடுத்தால் எறிகணை விழுந்த இடத்தில்தான் வந்து நிற்கும். அவள் ஊரில் ஒன்றும் விழவில்லை. ஒரு பிள்ளை எந்த ஊரைத் தேர்ந்தெடுக்கும்?

அந்த அடியை உன் பெண்சாதிக்குச் சொன்னாயோ தெரியாது, நானே சொல்கிறேன். உனக்குப் பத்து வயது. நான் மருந்துக்கடைக்குப் போய்த் திரும்பி வந்தேன். நீயும் சின்யோராவும் எதிரெதிரே இருந்து, ஆளுக்கொரு கரண்டியோடு, தட்டில் உதிர்ந்ததைப் பொறுக்கித் தின்றுகொண்டு, சிரித்துக்கொண்டிருந்தீர்கள். நான் மருந்துப் பையைக்கூட வைக்கவில்லை. கன்னத்தில் விட்ட அறையில் கரண்டி சுவரில் போய் அடித்தது. சின்யோரா எழுந்து நின்று, "என் வீட்டில் இது நடக்கக் கூடாது" என்றாள். அவ்வளவு தணிந்த குரலில் அவள் கதைத்து நான் கேட்டதில்லை. உன்னை இழுத்துக்கொண்டுபோய் வாய் கொப்புளிக்க வைத்தேன். நீ அழவில்லை. தண்ணீரைத் துப்பிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்து, "அப்பா, நீங்கள்தானே சமைச்சது?" என்று கேட்டாய்.

நான் சமைத்ததைத் தின்றதற்காக உன்னை அடித்தேன். உலகத்தில் எந்தத் தகப்பனாவது இப்படி ஒரு விசர் வேலை செய்திருப்பானா? உனக்குப் பிள்ளை பிறந்தால் கை நீட்டாதே. நீட்டிய கையை மடக்கிவிடலாம், ஆனால் பிள்ளை கேட்ட கேள்வியை மடக்க முடியாது.

உனக்குத் தெரியாதது இன்னொன்றும் இருக்கிறது. அதற்குப் பிறகும் வியாழக்கிழமைகளில் நான் குப்பை கொண்டுபோய்ப் போடுகிற நேரம் பார்த்து நீ குசினிக்குள் புகுந்து, சட்டியிலிருந்து நின்றபடியே அள்ளித் தின்றாய். எனக்குத் தெரியும். முதலாவது மாதமே தெரியும். அதனால்தான் இறைச்சிக்கடைக்காரனிடம் கூடுதலாக நூறு கிராம் வாங்கத் தொடங்கினேன். குப்பையைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, கீழே வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டு, நீ தின்று முடித்து வாய் துடைக்கிற நேரம் கணக்குப் பார்த்துத்தான் மேலே ஏறுவேன். நீ பெரிய கள்ளன் என்று நினைத்திருந்தாய். உன் களவுக்குக் காவல் நின்றவன் நான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு பேரும் ஒரு மேசையில் இருந்திருக்கலாம். சொல்லவில்லை. ஏழு வருசம் இப்படியே ஓடியது.

அம்மாவுக்குத் தெரியாது என்று நினைத்தேன். "தூள் ஏன் இப்பிடிக் கரையுது? குடிக்கிறியளோ?" என்று கேட்பாள். சின்யோரா செத்துப்போய் இரண்டு மாதம் கழித்து, போத்தலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இப்பத் தூள் முடியுதில்லை, என்ன?" என்றாள். முகத்தில் ஒன்றும் இல்லை. திரும்பி அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று நான் கடைசிவரை கேட்கவில்லை.

சின்யோரா போனபோது உனக்குப் பதினேழு. நான் ஊருக்கு வெளியே சியாகுல்லித் தோட்டங்களில் மந்தரின் தோடம்பழம் ஆயப் போனேன், முழங்கால் விடும்வரைக்கும். நீ ஹோட்டலில் தட்டுக் கழுவினாய். இருபத்திரண்டில் ஒருநாள் வந்து, அமெரிக்காவில் ஒரு படிப்புக்கு விசா கிடைத்துவிட்டது, அயோவா என்றாய். "அங்கை உனக்கு ஆரடா இருக்கினம்?" என்று கேட்டேன். "ஒருத்தரும் இல்லை. அந்தப் பணிஸ் பிறந்த இடத்தைப் பாக்கோணும் அப்பா. எனக்கு வீடு எண்டு ஞாபகம் வாறது அந்தக் குசினிதான்" என்றாய். அம்மா அப்போது உன் பெட்டிக்குள் சேட்டு மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கை ஒருக்கால் நின்றது. நானும் அங்கேதான் நின்றேன், வாய் நிறைய உண்மையை வைத்துக்கொண்டு. நீ தேடிப்போகிற ருசி அயோவாவில் இல்லையடா, இந்தா, உன் சேட்டை மடிக்கிற இந்த மனுசியின் கையில்தான் இருக்கிறது என்று ஒரு வரி. அவளுக்கு முன்னால் மாட்டுக் கதையை எடுக்க வெட்கப்பட்டேன். விமான நிலையத்தில் உனக்கு நான் கடைசியாகச் சொன்னது என்ன தெரியுமா? "போற இடத்திலை கண்டதையும் தின்னாதை." நேருக்கு நேர் நான் உனக்குச் சொன்ன கடைசிச் சொல் அதுதான்.

உண்மையைச் சொல்லியிருந்தால் நீ போகாமல் விட்டிருப்பாயோ? இளந்தாரி, எப்படியும் எங்கேயாவது போயிருப்பாய் என்று என்னை நானே தேற்றிப் பார்த்தேன், அது வேலை செய்யவில்லை. படிப்பு நின்றது, விசா முடிந்தது, நீ பன்றி வெட்டுகிற தொழிற்சாலையில் நிற்கிறாய். ஒரு வருசத்துக்கு மேல் வெளியில் நின்றதால் இங்கே தங்குவதற்கான உன் பெர்மெஸ்ஸோவும் செத்துவிட்டது. நான் குவெஸ்தூராவில், அந்தப் பொலிஸ் கந்தோரில், கேட்டேன். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் நல்ல பிள்ளை, இரக்கத்தோடுதான் இல்லை என்றாள். குடியுரிமைக்கு எழுதிப்போடுவோம் போடுவோம் என்று உன் சின்ன வயதில் நான் இழுத்தடித்த பிழையும் அங்கேதான் வந்து நின்றது. அங்கிருந்து நீ வெளிக்கிட்டால் அங்கேயும் திரும்ப முடியாது, இங்கேயும் இறங்க முடியாது. நீ கட்டப்போகிற பிள்ளைக்கும் உன்னைப்போலத்தான் பேப்பர் இல்லை. எனக்கு இரண்டு தரம் விசா மறுத்துவிட்டார்கள், இப்போது இதயத்துக்கு டொக்டர் விமானமே ஏறாதே என்கிறார். அம்மாவின் செத்தவீட்டை நான் பிடித்த போனில்தான் நீ பார்த்தாய், அதிலும் போனைச் சாய்த்துப் பிடித்துப் பாதி நேரம் மேற்கூரையைத்தான் காட்டினேன். இனி நாங்கள் சந்திக்கமாட்டோம், மகன். வரும் வருசம், அடுத்த வருசம் என்று நாங்கள் போனில் கதைக்கிறதெல்லாம் சும்மா. யாராவது ஒரு ஆள் இதை எழுத்தில் வைக்க வேண்டும், நீ வைக்கமாட்டாய்.

ஆகவே நீ கேட்டதற்கு மறுமொழி. அங்கே இருக்கிறவர்கள் பிழையாகச் செய்யவில்லை. அவர்கள் செய்வதுதான் சரி, நான் செய்ததுதான் பிழை. நீ ஊர் ஊராகப் போய்த் தேடியது அம்மாவின் தூள். சின்யோரா அழுததும் அந்தத் தூளுக்குத்தான், அவளுக்கே தெரியாமல். இறைச்சி அரைக் கிலோவுக்குத் தூள் ஒரு தேக்கரண்டி, தண்ணீர் கொதித்து முதல் வாடை எழும்பும்போது போட வேண்டும். தூளுக்கு என்ன எவ்வளவு என்று கேட்காதே. அவள் கையால் அள்ளிப் போட்டாள், நான் ஒருநாளும் பக்கத்தில் நின்று பார்க்கவில்லை. கடைத் தூள் ஐந்து வகை வாங்கி மணந்து பார்த்தேன், ஒன்றும் அது இல்லை.

அம்மாவின் போத்தலில் அடியில் மூன்று கரண்டி மிச்சம் இருந்தது. அவள் போன பிறகு நான் அதைத் திறக்கவில்லை. நேற்று வியாழக்கிழமை. பல்லரோவுக்குப் போனேன். அந்த இறைச்சிக்கடைக்காரன் இன்னும் இருக்கிறான், கிழவனாகிவிட்டான், புனிதர் படம் மட்டும் அப்படியே இருக்கிறது. இந்தமுறை அவன் அரைக்கிறதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வீட்டுக்கு வந்து, அம்மாவின் படத்தைக் கொண்டுபோய் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, அவளுடைய குசினியிலேயே சமைத்தேன். எல்லாம் பழைய கணக்குத்தான், கை மறக்கவில்லை. வற்றினதும் ஒரு கரண்டி எடுத்தேன். அறுபத்துநாலு வயதில், மகன், முதல் தரம். வயிறு பிரட்டும் என்று பக்கத்தில் கோப்பையும் வைத்திருந்தேன். பிரட்டவில்லை. மென்றேன், விழுங்கினேன், இன்னொரு கரண்டி எடுத்தேன்.

உப்புக் காணாது. கொஞ்சம் நஞ்சம் இல்லை, அறவே போதாது. ருசி பார்க்காமல் பயந்து பயந்து கிள்ளிப் போட்ட உப்பு, அவ்வளவு காலமும் அப்படித்தான் போட்டிருக்கிறேன். சின்யோரா உப்புப் போத்தலைத் தட்டியதைக் கிழட்டுப் பழக்கம் என்று நினைத்திருந்தேன். அவள் ஒருநாளும் என்னிடம் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் போத்தல் சாப்பாட்டு மேசையில் இருந்தது. நீ குசினியில் நின்று சட்டியிலிருந்து தின்றாய். ஏழு வருசம் உப்பில்லாத இறைச்சியைக் களவாகத் தின்றுவிட்டு, அதையே தேடிக் கடல் தாண்டிப் போயிருக்கிறாய்.

மிச்சம் இரண்டு கரண்டித் தூளை இந்தக் கடிதத்தோடு மடித்து வைக்கிறேன். அதிகாரிகள் பிரித்து எறிந்தாலும் எறிவார்கள். வந்து சேர்ந்தாலும் மணம் முக்கால்வாசி போய்விட்டது, நாற்பது பேருக்குக் காணாது. வந்தவர்களுக்கு அவர்களுடைய முறைப்படியே உப்புப் போட்டுச் சமைத்துக் கொடு. உங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் வேறு சட்டியில் சமை. அந்தப் பிள்ளையை மேசையில் இருத்தி, உப்புப் போத்தலை அவள் கைக்கு எட்ட வை. உனக்கு வேண்டாம். நீ உப்பைக் குறைத்துப் போட்டு, நின்றபடியே ஒரு கரண்டி தின்று பார். சரியாக வந்ததோ பிழைத்ததோ என்று எனக்குச் சொல்லி அனுப்பு. எனக்குத் தெரியாது, சின்யோரா இல்லை, அம்மா அதை வாயில் வைத்ததே இல்லை. அதைச் சொல்ல உன்னைத் தவிர ஒருவரும் மிச்சம் இல்லை.

நீ தின்று முடிக்கும்வரை நான் கீழே வாசலில் நிற்கிறேன்.

அப்பா